இருநூற்று நாற்பது யூரோ மிச்சம்

மிலுங்கா எழுதிய தாள் லிஃப்டுக்குள் ஒட்டப்பட்ட அன்று, மேலே போக வேலையில்லாதவர்கள்கூட மேலே போய்விட்டு வந்தார்கள். ஒன்பது மாடி ஏறும் நேரத்துக்குள் அத்தனை வரியையும் படித்து முடிக்க முடியவில்லை என்று சிலர் இன்னொரு தடவையும் போனார்கள். ‘கிரீஸ் பயணத்தில் காசு கையைக் கடிக்காமல் இருக்கப் பதினான்கு வழிகள்’ என்று தலைப்பு. அதன் கீழே அளவுகோல் வைத்து இழுத்த இரட்டைக் கோடு. எங்கள் க்ருஷெவாட்ஸ் ஊர்த் தபால் நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் அவள். ஓய்வு பெற்று நாலு வருஷமாகியும், பக்கத்தில் யாராவது தும்மினால் ரசீது கிழித்துக் கொடுப்பாள் என்று மூன்றாம் மாடி நெவெங்கா சொல்வது வழக்கம்.

வழிகளில் பெரும்பாலானவற்றில் யாருக்கும் தகராறு இல்லை. யூரோவை எல்லையில் இருக்கிற கூண்டுக்கடையில் மாற்றாதே, நம் தெருமுனையிலேயே மாற்று. முதல் இரண்டு நாளுக்கான இறைச்சியை வீட்டிலேயே பொரித்து எடுத்து வா. காபித்தூளும் காபிச் சட்டியும் பையில் இருக்கட்டும். கடற்கரைப் பெட்டிக்கடையில் தண்ணீர் வாங்குகிறவன் தண்ணீருக்கல்ல, மணலுக்குத்தான் காசு கொடுக்கிறான். ஒரு ஐஸ் காபி வாங்கினால் குடையும் சாய்வு நாற்காலியும் இலவசம்; அந்த ஒரு காபியை மதியம் வரை குடிக்கத் தெரிய வேண்டும். பரிசாரகன் மூன்றாம் தடவை மேஜையைத் துடைக்க வந்தால் மட்டும் அடுத்ததைச் சொல். இதெல்லாம் எங்கள் கட்டடத்தில் எல்லாரும் பல் முளைத்த நாளிலிருந்து செய்வதுதான். எழுத்தில் பார்த்தபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஏழாவது வழியில்தான் தகராறு. அதை மட்டும் சிவப்பு மையில் எழுதியிருந்தாள். ‘யாரும் யாருக்கும் வாங்கித் தரக் கூடாது. ஆளுக்கு அறுபது யூரோ பொதுப்பையில். காபி, ஐஸ்கிரீம், படகு எல்லாவற்றுக்கும் பைதான் கொடுக்கும். பை என்னிடம் இருக்கும்.’

ஆறாம் மாடி ராதிவோயே, இயந்திர ஆலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர், கதவு அகலத்துக்கு ஆள். அன்று மாலையே வாசலில் அவளை வழிமறித்தார்.

“என் பக்கத்துல உக்காந்து ஒருத்தன் காபி குடிப்பான். நான் கையக் கட்டிக்கிட்டு அவன் மூஞ்சியப் பாத்துட்டு இருக்கணுமா?”

“மூஞ்சியப் பாக்க வேண்டாம் மேஸ்திரி. கடலப் பாருங்க. அதுக்குத்தானே போறோம்.”

“எங்கப்பா காலத்துலேருந்து எங்க குடும்பத்துல பில்லு எடுக்க கை நீட்டாத ஆம்பள கிடையாது.”

“தெரியும். போன வருஷம் வாத்து சாப்பிடப் போனோமே, நீங்க கழிப்பறைக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போயி கல்லாவுல ரகசியமா பணம் கட்டுனீங்க. எட்டாம் மாடிக்காரர் போன் பேசறேன்னு போயி சமையக்கட்டுல கட்டுனாரு. நெவெங்கா புருஷன் சிகரெட் பிடிக்கப் போயி பின்வாசல்ல கட்டுனாரு. அந்தப் பரிசாரகப் பய மூணு பேர்கிட்டயும் வாங்கிட்டு ஒரு வார்த்தை சொன்னானா? ஒரு வாத்த மூணு தடவ வாங்கியிருக்கோம்.”

ராதிவோயே மூன்று விரலை மடக்கிப் பார்த்தார். வாத்து விஷயம் அவருக்கு அதுவரை தெரியாது. தன் காசு மட்டும்தான் போனது என்று நிம்மதியாக இருந்தவர்.

மிலுங்கா விடவில்லை. “நாலு பேரு ஒரு காபி குடிக்கப் போனா, பதினாறு காபி குடிச்சிட்டுத்தான் திரும்பறோம். ஆளுக்கொரு சுத்து வாங்கிக் குடுக்காம எவனும் எந்திரிக்க மாட்டான். காசும் போகுது, நெஞ்செரிச்சலும் வருது. அஞ்சு நாள், பன்னெண்டு பேரு. நீங்களே கணக்குப் போடுங்க.”

கணக்கில் அவளை யாரும் ஜெயித்ததில்லை. ஆனால் அவளைத் தூங்கவிடாமல் செய்தது கணக்கு அல்ல, ஏழாம் மாடி திஹோமிரின் கதை.

திஹோமிர் ஓய்வு பெற்ற பூகோள வாத்தியார். போன வருஷம் புடாபெஸ்ட் பயணத்தை அவர்தான் நடத்தினார். முடிவில் நாற்பது யூரோ மிஞ்சியது. திரும்பும்போது பேருந்தில் எழுந்து நின்று, என்ன செய்யலாம் என்று கேட்டார். “அட, வச்சுக்குங்க வாத்தியாரே, அலைஞ்சிருக்கீங்க, ஒரு காபி குடிங்க” என்று பேருந்தே ஒரே குரலில் சொன்னது. அதைக் கேட்டவுடன் அவர் செய்திருக்க வேண்டியது என்ன என்பது எங்கள் ஊரில் தொட்டில் குழந்தைக்குத் தெரியும். இன்னும் இரண்டு தடவை கெஞ்ச வேண்டும். அவர்களும் இரண்டு தடவை மறுப்பார்கள். பிறகு ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் பலவந்தமாகத் திணிக்க வேண்டும். உலகத்து ஆறுகளையெல்லாம் வரிசையாகச் சொல்லத் தெரிந்த மனிதர், ஒரு தடவை கேட்டுவிட்டு, நன்றி சொல்லி, பணத்தை உள்ளே வைத்துவிட்டார். அடுத்த மாதம் குளியலறைக்குப் புதுக் குழாய் போட்டார். அது ‘நம்ம குழாய்’ ஆகிவிட்டது. அவர் ஏறினால் லிஃப்டில் பேச்சு நின்றுவிடும். பொறுத்துப் பார்த்துவிட்டு ஏழு மாடியும் படியேறத் தொடங்கினார். முட்டிவலி போய்விட்டது. போன பேர் மட்டும் திரும்பி வரவில்லை.

மிலுங்காவுக்கு இருந்த சொத்தே பேர்தான். புருஷன் போய்ச் சேர்ந்தாயிற்று, மகன் வியன்னாவில். ஒன்பது வருஷமாகக் கட்டடத் தலைவி; வருகிற செப்டம்பரில் மறுபடி கை தூக்கித் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘அவ கையில குடுத்தா வங்கியில போட்ட மாதிரி’ என்று ஊர் சொல்வதைக் கேட்டுத்தான் அவள் காலையில் எழுந்து தலை வாரிக்கொள்வாள். அந்தப் பேச்சு நாற்பது யூரோவுக்குப் போய்விடும் என்றால் அதைவிடப் படுக்கையில் கிடந்து சாகலாம் என்று நினைக்கிற ரகம்.

நெவெங்காவே எச்சரித்தாள். அவள் கல்யாணத்துக்கு மிலுங்காதான் சாட்சி நின்றவள். எங்களில் சாட்சி நின்றால் உடன்பிறப்புக்கும் மேல், ஒருவரையொருவர் சாகும்வரை ‘கூமா’ என்றுதான் கூப்பிட வேண்டும்.

“கூமா, உனக்கு எதுக்கு இந்தத் தலைவலி? வாத்தியாரு கத மறந்துபோச்சா?”

“மறக்காததாலதான். ஒரு சென்ட் மிஞ்சினாலும் கவருல போட்டு, பேரெழுதி, பைக்குள்ள திணிச்சிட்டுத்தான் மறுவேலை. அப்புறம் எவளாவது ஒரு வார்த்தை சொல்லட்டும் பாப்போம்.”

“யாரு சொல்லப் போறா,” என்றாள் நெவெங்கா. எப்போதும் முதலில் சொல்கிறவள் அவள்தான்.

ஜூன் மாதக் கடைசியில் ஒரு வேன் கிளம்பியது. பன்னிரண்டு பேர், ஓட்டுநர் ஜிக்கா, பொரித்த இறைச்சித் துண்டுகள் ஏழு டப்பா, பாலாடைக்கட்டிப் பணியாரம் நாலு தட்டு, தண்ணீர் பாட்டிலில் தண்ணீர் போலவே தெரிகிற ரக்கியாச் சாராயம் மூன்று லிட்டர். வண்டி ஊரைத் தாண்டும் முன்பே முதல் டப்பா திறந்தது. கடைசி இருக்கையில் திஹோமிர் உட்கார்ந்திருந்தார். அவர் வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. காசு கட்டியவரை எப்படி வேண்டாம் என்பது? அவருக்கும் ஒரு துண்டு இறைச்சி போனது, ஆனால் எலும்புப் பக்கமாகப் பார்த்து.

பரலியா கடற்கரையில் எல்லாம் தாளில் எழுதியபடி நடந்தது. முதல் வரிசை மேஜையில் காபி மூன்றரை யூரோ, இரண்டாம் வரிசையில் இரண்டு. அதனால் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து முதல் வரிசைக்காரர்களின் முதுகுக்கு நடுவே கடலைப் பார்த்தார்கள். காலைக் காபியை அறைக்கு வெளியே சின்ன அடுப்பில் போட்டுக்கொண்டார்கள். தர்பூசணி சாயங்காலம் சந்தை கலைகிற நேரத்தில் பாதி விலைக்கு வந்தது. பில் வரும்போது மிலுங்கா மடியிலிருந்து நீலப் பையை எடுப்பாள், எண்ணி வைப்பாள், ரசீதை மடித்து உள்ளே போடுவாள். அவ்வளவுதான். சண்டை இல்லை, கையைப் பிடித்து முறுக்குவது இல்லை, ‘என் பிணத்தத் தாண்டித்தான் நீ காசு குடுக்கணும்’ இல்லை.

முதல் நாள் பில் வந்தபோது ராதிவோயேயின் வலது கை தானாகப் பின்பாக்கெட்டுக்குப் போனது. பாதி வழியில் நின்றது. பிறகு அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியாமல் காதைச் சொறிந்தார். இரண்டாம் நாளும் காது. மூன்றாம் நாள் காது சிவந்தேவிட்டது. இருபது கோடைக்காலமாக எங்கள் ஆட்களுக்குக் காபி ஊற்றி எங்கள் பேச்சையே பேசப் பழகியிருந்த கிரேக்கப் பரிசாரகன், ஒரு பொம்பளை தனியாகப் பணம் எண்ணுவதையும் ஐந்து தடித்த ஆண்கள் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதையும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டான்.

“அம்மா, இவங்கள எந்த ஜெயில்லேருந்து கூட்டிட்டு வந்தீங்க?”

“நல்ல நடத்தைக்கு அஞ்சு நாள் லீவுல விட்டிருக்காங்க,” என்றாள் மிலுங்கா. சிரித்தது அவளும் அவனும் மட்டும்.

நாலாம் நாள் ஆக்டோபஸ் விவகாரம். ஒரு கடைக்காரன் கரி அடுப்பில் சுட்டுக்கொண்டிருந்தான். வாசனை தெருமுனை வரை வந்து கையைப் பிடித்து இழுத்தது. தட்டு பதினாறு யூரோ.

“எட்டுக் கை இருக்கு அதுக்கு,” என்றாள் நெவெங்கா. “ஒரு கையாவது வாங்கக் கூடாதா?”

மிலுங்கா யோசித்து, பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு தட்டு வாங்கினாள். ருசி தெரிந்தால் போதும் என்பது பதினோராவது வழி. ஆளுக்கு ஒரு காசு அகலத்தில் ஒரு துண்டு கிடைத்தது. மேஸ்திரி தன் துண்டை நாக்கில் வைத்துவிட்டு, அது எந்தப் பக்கம் போனது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தேடினார்.

“கூமா, இது ஆக்டோபஸா, அதோட மோதிரமா?” என்று கேட்டாள் நெவெங்கா. அப்போது எல்லாரும் சிரித்தார்கள்.

ஐந்தாம் நாள் மதியம், மற்றவர்கள் கடைசிக் குளியலுக்குப் போயிருந்த நேரத்தில், மிலுங்கா கட்டிலில் ரசீதுகளைப் பரப்பிக் கூட்டினாள். எழுநூற்று இருபது வந்தது; நானூற்று எண்பது போனது. இருநூற்று நாற்பது மிச்சம். நம்பாமல் கீழிருந்து மேலாக இன்னொரு தடவை கூட்டினாள். அதேதான். எங்கள் கட்டடத்துப் பயணங்களின் வரலாற்றில், திரும்பி வரும்போது ஓட்டுநரிடம் கடன் வாங்காத கூட்டமே அபூர்வம். ஏழாவது வழி ஒன்றே இத்தனையையும் காப்பாற்றியிருக்கிறது. பன்னிரண்டு கவர்களை எடுத்தாள். அளவுகோல் இல்லாததால் சீப்பை வைத்துக் கோடு போட்டு, ஒவ்வொன்றிலும் பேரும் ‘20’ என்றும் எழுதினாள். அன்று அந்தக் கடற்கரையில் அவளைவிடச் சந்தோஷமாக யாரும் இல்லை. கடலில் குளிக்கக்கூடப் போகவில்லை.

எல்லையைத் தாண்டி, மாசிடோனியா நெடுஞ்சாலையில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் வண்டி நின்றது. அங்கே கழிப்பறைக்குக் காசில்லை என்பது பன்னிரண்டாவது வழி. உறவு முறைப்படி முதல் கவரை நெவெங்காவிடம் நீட்டினாள் மிலுங்கா.

“இது என்ன கூமா?”

“உன் பங்கு. மிஞ்சினது. இருபது யூரோ.”

“ஐயோ, எனக்கெதுக்குடி? நீதான் அஞ்சு நாளா அலைஞ்ச. வச்சுக்கோ.”

“வச்சுக்க மாட்டேன். பிடி.”

“வேண்டாம்னா வேண்டாம். அசிங்கப்படுத்தாத.”

“பிடிக்கப் போறியா இல்லயா?” என்று அவள் மேல்சட்டைப் பைக்குள் திணித்தாள். மூன்று தடவை, முறை தப்பவில்லை. திஹோமிர் செய்த தவறைத் தான் செய்யவில்லை என்று மிலுங்காவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

நெவெங்கா கவரைத் திறந்து எட்டிப் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்த முகம் கணக்குப் போடும் முகமானது.

“பன்னெண்டு பேருக்கு இருபதுன்னா… இரநூத்து நாப்பதா?”

“ஆமா.”

“அவ்வளவு மிஞ்சிச்சா?”

“அவ்வளவு மிச்சம் பிடிச்சேன்.”

“அப்ப ஆக்டோபஸ் வாங்கியிருக்கலாம்,” என்றாள் நெவெங்கா. சொல்லிவிட்டுக் கழிப்பறைப் பக்கம் போனாள். கொஞ்சம் வேகமாகப் போனாள்.

மிலுங்காவும் போனாள். நெவெங்கா வாசலில் நாலு பெண்களை நிறுத்திப் பேசிக்கொண்டிருந்ததால், பக்கவாட்டுக் கதவு வழியாக மிலுங்கா உள்ளே நுழைந்ததை யாரும் பார்க்கவில்லை. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் வரிசை நின்றது. குரல்கள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன.

“இருபது யூரோ குடுத்தாளா? கையிலயா?”

“கவருல போட்டு. பேரெழுதி. கோடு போட்டு.” நெவெங்காவின் குரல். “யோசிச்சுப் பாரு. ஒருத்திக்கு மனசு வந்து இருபது திருப்பிக் குடுக்கறான்னா, கையில நாப்பதாவது நின்னிருக்கணும். சும்மா யாராவது குடுப்பாங்களா?”

“அதான் அஞ்சு நாளும் ரெண்டாவது வரிசையில உக்கார வச்சாளா?”

“அந்த ஆக்டோபஸ் துண்ட நான் பல்லுல தேடுனேன். இன்னும் கிடைக்கல.”

“பையனுக்கு வியன்னாவுல வீடு வாங்கறாங்கன்னு கேள்விப்பட்டேன்.”

“வாங்கட்டும். செங்கல்லு நம்ம வயித்துலேருந்துதானே போகுது.”

“உனக்குக் கூமா ஆச்சே, நெவெங்கா.”

“கூமாங்கறதாலதான் இதோட நிறுத்திக்கறேன்.”

மிலுங்கா வெளியே வரவில்லை. வரிசை கரைந்து, கடைசிக் குழாய் மூடப்படும் சத்தம் கேட்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். ரசீதுகள் இருக்கின்றன, காட்டலாம். ரசீதைக் காட்டினால், ‘ரசீது வச்சிருக்கான்னாலே ஏதோ பயந்திருக்கா’ என்பார்கள். மிச்சக் கவர்களைக் கொடுக்காமல் விடலாமா? விட்டால், ‘நெவெங்காவுக்கு மட்டும் குடுத்து வாயடைச்சா’ என்பார்கள். எல்லாருக்கும் கொடுத்தால் எல்லாரும் பெருக்கிப் பார்ப்பார்கள். அறுபதில் இருபது திரும்பி வந்தால், அந்த இருபதுக்கு என்னென்ன தின்றிருக்கலாம் என்று செப்டம்பர் வரை எண்ணுவார்கள்.

வெளியே சுவர் நிழலில் திஹோமிர் நின்று அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தார். பெண்கள் பேசியதில் பாதி அவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

“எவ்வளவு மிஞ்சிச்சு?” என்றார்.

“இரநூத்து நாப்பது.”

முட்டை கையில் நின்றது. “எனக்கு வெறும் நாப்பது. அதுக்கே ஏழு மாடி.” அவளை மேலும் கீழும் பார்த்தார். “நீ ரெண்டாவது மாடிதானே. அதிர்ஷ்டக்காரி.”

மிலுங்கா அவரை முறைத்தாள். பிறகு திடீரென்று கேட்டாள். “வாத்தியாரே, இதுக்கு முன்னாடி பல்கேரியா போனோமே, அப்ப பணம் குறைஞ்சு போச்சில்ல? நடத்தினது எட்டாம் மாடிக்காரரு. அவர யாராவது ஏதாவது சொன்னாங்களா?”

திஹோமிர் யோசித்தார். “அவரா? அவரு தங்கமான ஆளுன்னுதான் இன்னும் சொல்றாங்க. கையிலேருந்து போட்டாருன்னு.”

“போட்டாரா?”

“யாரு பாத்தா?” என்று முட்டையைக் கடித்தார்.

வண்டியில் எல்லாரும் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து நாளாக இல்லாத அமைதி. எல்லார் கண்ணும் மிலுங்காவின் நீலப் பைமேல். அவள் முன்னால் ஜிக்காவின் பக்கத்தில் நின்று, தபால் நிலையத்தில் வரிசையை அதட்டும் குரலை எடுத்தாள். ஆனால் அதில் கொஞ்சம் தண்ணீர் கலந்தாள்.

“ஒரு தப்பு நடந்துபோச்சு. மிஞ்சினதுன்னு நெனச்சு நெவெங்காகிட்ட அவசரப்பட்டு ஒரு கவர் குடுத்துட்டேன். இப்பத்தான் மறுபடி கூட்டிப் பாத்தேன். அறைக்கு ஊர்வரி கட்டணும்னு கடைசி நாள் கேட்டாங்க இல்ல, அத எழுதவே இல்ல. ஜிக்காவோட அஞ்சு ராத்திரிச் சாப்பாட்டையும் விட்டுட்டேன்.”

ஜிக்கா திரும்பினான். ஐந்து ராத்திரியும் பயணிகள் கொடுத்ததையே தின்றவன். “அக்கா, நான் எங்க…” என்று தொடங்கியபோது அவன் கால்மேல் ஒரு கால் ஏறி நின்றது. அவன் முன்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான்.

“எல்லாத்தையும் சேத்துப் பாத்தா முப்பத்தாறு யூரோ குறையுது,” என்றாள் மிலுங்கா. “பரவால்ல. நான் கையிலேருந்து போட்டுக்கறேன். நாளைக்கு யாரும் தப்பாப் பேசக் கூடாதேன்னுதான் சொன்னேன்.”

உடனே ராதிவோயே எழுந்தார். ஐந்து நாளாகக் காதைச் சொறிந்து சொறிந்து சோர்ந்திருந்த அந்த வலது கை பின்பாக்கெட்டுக்குள் போய், அணை உடைந்தது போல் வெளியே வந்தது. அதில் இருபது யூரோ நோட்டு.

“நான் உயிரோட உக்காந்திருக்கேன், ஒரு பொம்பள தபால் பென்ஷன்லேருந்து எனக்கு வாங்கித் தர்றதா? பிடிங்கம்மா.”

“வேண்டாம் மேஸ்திரி. ஆளுக்கு மூணுதான் வருது.”

“மூணாவது நாலாவது. என் பிணத்தத் தாண்டித்தான்.” நோட்டை அவள் கைப்பைக்குள் திணித்துவிட்டு உட்கார்ந்தவர் முகத்தில், அந்தப் பயணத்தில் முதல்முறையாக, விடுமுறைக்கு வந்தவரின் களை இருந்தது.

அப்புறம் யாரை நிறுத்துவது? எட்டுப் பேர் ஆளுக்கு ஐந்து. மிலுங்கா உண்மையாகவே மறுத்தாள். மூன்று தடவை அல்ல, ஐந்தாறு தடவை மறுத்தாள், தள்ளினாள், கையை மூடிக்கொண்டாள். மறுக்க மறுக்கப் பாசம் கூடியது. சட்டைக் காலருக்குள் ஒன்று, டாஷ்போர்டுப் பெட்டியில் ஒன்று, அவள் வைத்திருந்த தர்பூசணித் துண்டுக்கு அடியில் ஒன்று. ஊர்வரி எவ்வளவு, யார் வசூலித்தார்கள், ஜிக்கா என்ன தின்றான் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கடைசியாக நெவெங்கா வந்தாள். கவரையும் திருப்பிக் கொடுத்தாள்; மேலே பத்து யூரோ வைத்தாள்; வண்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

“என் கூமா இவ. எனக்குச் சாட்சி நின்னவ. கையிலேருந்து போட நெனச்சா பாத்தீங்களா? இவள எவளாவது ஒரு வார்த்தை சொன்னா, அப்புறம் என்கிட்ட பேசணும்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நிஜக் கண்ணீர்தான், அவளிடம் அதற்குப் பஞ்சமில்லை.

திஹோமிர் மட்டும் எதுவும் கொடுக்கவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். தோள் மட்டும் குலுங்கியது. அதற்கும் பேச்சு கிளம்பியது: “பாரு, அந்த மனுஷன் ஒரு காசு எடுக்கல. குழாய் போட்ட ஆளு.”

அடுத்த நிறுத்தத்தில் ராதிவோயே எல்லாருக்கும் காபி வாங்கினார். எட்டாம் மாடிக்காரர் கேக் வாங்கினார். நெவெங்காவின் புருஷன் இரண்டாம் சுற்று. கல்லாவில் ஒருவர் கையை ஒருவர் பிடித்து முறுக்கி, ஒரு கண்ணாடி டம்ளரும் உடைந்தது. அதற்கும் மூன்று பேர் காசு கொடுத்தார்கள். இப்படியொரு நல்ல பயணம் போனதே இல்லை என்று வீடு வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

மிலுங்கா வீட்டுக்கு வந்து மேஜைமேல் கொட்டினாள். முந்நூற்றுப் பத்து. பேர் சுத்தமாக இருந்தது. பணம்தான் யாருடையது என்று சொல்ல முடியவில்லை. தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஒரு கிழவனுக்குப் பென்ஷனில் ஒரு நோட்டு குறைவாகக் கொடுத்துவிட்டு, பனியில் மூன்று கிலோமீட்டர் நடந்துபோய்த் தந்துவிட்டு வந்தவள் அவள். இப்போது முந்நூற்றுப் பத்தை வைத்துக்கொண்டு எங்கே நடப்பது என்று தெரியவில்லை.

ஒரு வழி தோன்றியது. கீழ்வாசல் பூட்டு ஆறு மாதமாகப் பழுது. வசூல் பண்ணாமல், யாரிடமும் சொல்லாமல், எங்கள் காசில் ஆறாயிரம் தினாருக்கு, ஏறக்குறைய ஐம்பது யூரோவுக்கு, புதுப் பூட்டு போட்டாள். அவர்கள் காசு, அவர்கள் கதவு. இரண்டு நாள் எல்லாரும் கைகூப்பாத குறை. மூன்றாம் நாள் வாசல் பெஞ்சில் நெவெங்கா சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு சொன்னது ஜன்னல் வழியாக இரண்டாம் மாடிக்கு ஏறி வந்தது.

“பயணத்துக்குக் கையிலேருந்து போட வந்தா. இப்ப பூட்டு. தபால் பென்ஷன் எவ்வளவுன்னு எனக்குத் தெரியும்டி. எங்கேருந்து வருது இதெல்லாம்?”

மிலுங்கா ஜன்னலைச் சத்தமில்லாமல் சாத்தினாள். மறுநாள் காலை லிஃப்டுக்குள் புதுத் தாள் இருந்தது. ‘வாசல் பூட்டுக்கு வீட்டுக்கு இருநூறு தினார். கடைக்காரருக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி நிற்கிறது. முடியாதவர்கள் தர வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்.’ மத்தியானத்துக்குள் முப்பத்தாறு வீட்டிலிருந்தும் கதவைத் தட்டினார்கள். பாதிப் பேர் முந்நூறு கொடுத்தார்கள். நெவெங்கா ஐந்நூறு கொடுத்துவிட்டு, மீதி வாங்க மறுத்து, காபியும் குடித்துவிட்டுப் போனாள். அவளுக்குப் பெரிய நிம்மதி.

செப்டம்பரில் எல்லாக் கைகளும் தூக்கப்பட்டன. திஹோமிருடையதும். அடுத்த வருஷம் அல்பேனியாவுக்கு யார் கூட்டிப் போவது என்ற கேள்வியே எழவில்லை.

அதற்குப் பிறகு மாடிப்படி விளக்கு, லிஃப்டுக்கு எண்ணெய், குப்பைத் தொட்டிக்கு மூடி, எதற்கு வசூல் வந்தாலும் கொஞ்சம் குறைகிறது என்றே எழுதுகிறாள். துணி அலமாரியில் தலையணை உறைகளுக்கு நடுவே கவர்கள் கூடிக்கொண்டு போகின்றன. ஒரு நாளும் எண்ணாமல் படுக்காதவள், இவற்றை மட்டும் எண்ணுவதில்லை.

போன வாரம் ஐந்தாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த இளஞ்சோடி, மாடிப்படி வர்ணத்துக்கான காசை யாரிடம் கொடுப்பது என்று பெஞ்சில் விசாரித்தார்கள்.

“ரெண்டாவது மாடி, மிலுங்கா,” என்றாள் நெவெங்கா. “கண்ண மூடிட்டுக் குடுங்க. அவகிட்ட காசு தங்கவே தங்காது.”